சோபாவைப் பிறாண்டும் வளர்ப்புப் பூனை: தடுப்பது எப்படி? நக நீக்க அறுவை சிகிச்சை தீர்வாகுமா?

புதுடெல்லி: வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத சோபாவின் கைப்பிடியில் நூல் பிரிந்து தொங்குகிறது. சன்னல் திரைச்சீலை நீளவாக்கில் கிழிந்திருக்கிறது. தேக்குக் கட்டிலின் காலில் கோடு கோடாகக் கீறல்கள். வளர்ப்புப் பூனை உள்ள பல வீடுகளில் இது பழகிப்போன காட்சி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெளியே செல்லாமலேயே வாழும் பூனைக்கு மரப்பட்டை எட்டுவதில்லை. அந்த இடத்தைச் சோபா எடுத்துக்கொள்கிறது.

மரச்சாமான் மீதான இந்தச் சேதம் சில வீடுகளில் பூனையின் வாழ்க்கையையே மாற்றும் முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. அதனைத் தெருவில் விட்டுவிடுவது ஒரு முடிவு. அறுவை சிகிச்சை மூலம் நகங்களை அடியோடு நீக்க முயல்வது மற்றொரு முடிவு. இவ்விரண்டும் தேவையற்றவை. பூனையின் பிறாண்டும் பழக்கத்தை நிறுத்த இயலாது. ஆனால் பிறாண்டும் இடத்தை மாற்ற இயலும். அதற்குத் தேவையானவை ஓர் உறுதியான கம்பம், சில மீட்டர் கயிறு, சில வாரப் பொறுமை ஆகியவையே.

பூனை பிறாண்டுவது ஏன்?

பிறாண்டுவதைக் குறும்பு என்றோ, பழிவாங்கும் செயல் என்றோ கருதுவது தவறு. அது பூனையின் உடலுக்கும் மனத்துக்கும் தேவையான இயல்பான செயல். அதற்கு நான்கு முக்கியக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, நகப் பராமரிப்பு. பூனையின் முன்பாதம் ஒவ்வொன்றிலும் 5, பின்பாதம் ஒவ்வொன்றிலும் 4 என வழக்கமாக 18 நகங்கள் உள்ளன. கெரட்டின் என்னும் புரதத்தாலான இந்த நகங்கள் அடுக்கடுக்காக வளர்கின்றன. வெளியடுக்கு முதிர்ந்ததும் உறைபோலக் கழன்று, உள்ளிருக்கும் கூர்மையான புதிய நகம் வெளிப்படுகிறது. முன்பாத நகங்களின் பழைய உறையைக் கழற்றப் பிறாண்டுதல் உதவுகிறது. பின்பாத நகங்களின் உறையைப் பூனை பெரும்பாலும் பல்லால் கடித்தே நீக்கிவிடும். சோபாவின் அருகே பிறை வடிவில் கிடக்கும் மெல்லிய ஓடுகள் இந்த உறைகளே. நகம் பெயர்ந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, அடையாளமிடுதல். பூனையின் பாதங்களில் மணச் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டும்போது கண்ணுக்குத் தெரியும் கீறலுடன், மனிதரால் உணர முடியாத மணமும் அவ்விடத்தில் பதிகிறது. ‘இது என் இடம்’ என்று பிற பூனைகளுக்குத் தெரிவிக்கும் முறை அது. ஒருமுறை பிறாண்டிய இடத்துக்கே பூனை மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, உடலை நீட்டி முறுக்குதல். தூங்கி எழுந்த பூனை முன்கால்களை உயர்த்தி, நகங்களை ஊன்றி, முதுகையும் தோள்களையும் நீட்டி இழுக்கும். இதற்கு ஆட்டம் காணாத, உயரமான ஒரு பிடிமானம் தேவை. கனமான சோபா அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது.

நான்காவது, உணர்ச்சி வெளிப்பாடு. வீட்டார் வெளியிலிருந்து திரும்பும்போதும், உணவு வேளையிலும், விளையாட்டின் நடுவிலும் சில பூனைகள் ஓடிச்சென்று பிறாண்டும். மகிழ்ச்சி, எதிர்பார்ப்பு, பதற்றம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகலாம்.

முதலில் செய்ய வேண்டியது: கவனிப்பு

கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கம்பத்தை வாங்கி வீட்டின் மூலையில் வைத்துவிட்டு, ‘பூனை அதைத் திரும்பியே பார்க்கவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. எதை, எப்படி, எப்போது பிறாண்டுகிறது என்பதை முன்கூட்டியே கவனித்தால் இந்தச் செலவு வீணாகாது.

மூன்று, நான்கு நாள்கள் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வைப்பது பயன் தரும்.

* திசை: சோபாவின் பக்கவாட்டு, கதவு நிலை, கட்டில் கால் ஆகியவற்றைப் பிறாண்டும் பூனை செங்குத்தான பரப்பை விரும்புகிறது. மிதியடி, தரைவிரிப்பு, பாய் ஆகியவற்றைப் பிறாண்டும் பூனை கிடைமட்டப் பரப்பை விரும்புகிறது. இரண்டையும் விரும்பும் பூனைகளும் உண்டு.

* பொருள்: முரட்டுத் துணியா, மரமா, பிரம்பா, ரெக்சினா என்பதைப் பார்க்க வேண்டும்.

* நேரம்: தூங்கி எழுந்தவுடனா, வீட்டார் வந்தவுடனா, சன்னலுக்கு வெளியே வேறொரு பூனையைக் கண்டவுடனா என்பதைக் கவனிக்க வேண்டும்.

* இடம்: படுக்கும் இடத்துக்கு அருகிலா, வாசலிலா, அனைவரும் புழங்கும் கூடத்திலா என்பதைக் குறிக்க வேண்டும்.

இந்த நான்குக்கும் கிடைக்கும் விடைகளே எத்தகைய கம்பம் வேண்டும், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கம்பம் எப்படி இருக்க வேண்டும்?

பூனைகளின் பிறாண்டும் விருப்பங்கள் குறித்துப் பல நாடுகளைச் சேர்ந்த 4,000-க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் நடத்தப்பட்ட இணையவழிக் கணக்கெடுப்பின் முடிவுகள், ‘ஜர்னல் ஆஃப் ஃபீலைன் மெடிசின் அண்ட் சர்ஜரி’ என்ற கால்நடை மருத்துவ ஆய்விதழில் 2016-ஆம் ஆண்டு வெளியாகின. குறைந்தது 3 அடி உயரமுள்ள செங்குத்தான கம்பங்களையும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டுகள் கொண்ட பூனை மரங்களையும் பூனைகள் அதிகம் பயன்படுத்துவதாக அதில் தெரியவந்தது. கயிறு சுற்றிய கம்பங்களே பூனைகளை அதிகம் ஈர்த்தன. வயது முதிர்ந்த பூனைகளிடம் தரைவிரிப்புத் துணி மீதான விருப்பம் காணப்பட்டது.

இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம்.

முதல் விதி உயரம். பூனை பின்கால்களில் நின்று முழுமையாக உடலை நீட்டும் அளவுக்குக் கம்பம் உயர்ந்திருக்க வேண்டும். கடைகளில் குறைந்த விலையில் விற்கப்படும் ஒன்றரை அடிக் கம்பங்கள் குட்டிகளுக்குப் போதுமானவை. வளர்ந்த பூனைக்கு அவை பயன்படா.

இரண்டாம் விதி உறுதி. முழு எடையுடன் இழுக்கும்போது கம்பம் ஒருமுறை சாய்ந்தாலும் பூனை அஞ்சிவிடும். மீண்டும் அதன் அருகே வரத் தயங்கும்.

மூன்றாம் விதி சொரசொரப்பு. சணல் கயிறு, தென்னை நார்க் கயிறு, சிசல் எனப்படும் கற்றாழை நார்க் கயிறு ஆகியவை ஏற்றவை. வழவழப்பான நைலான் கயிறு ஏற்றதன்று. வீட்டில் உள்ள தரைவிரிப்பைப் போன்ற துணியைக் கம்பத்தில் சுற்றினால், எதைப் பிறாண்டலாம், எதைப் பிறாண்டக் கூடாது என்பதில் பூனைக்குக் குழப்பம் ஏற்படலாம்.

கிடைமட்டப் பரப்பை விரும்பும் பூனைக்குக் கம்பம் தேவையில்லை. பலகையில் இறுக்கமாக ஆணியடித்த கோணிப்பை, தேங்காய் நார் மிதியடி, அடுக்கி ஒட்டிய அட்டைப்பெட்டித் துண்டுகள் ஆகியவையே போதும். அவை நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு இடலாம்.

வீட்டிலேயே செய்யும் முறை

ஆயத்தக் கம்பம் வாங்க இயலாதவர்கள், வன்பொருள் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தேவையானவை: 11 செ.மீ. விட்டமும் 90 செ.மீ. நீளமும் கொண்ட பிவிசி குழாய் அல்லது அதே அளவு மரக்கட்டை, 50 முதல் 60 செ.மீ. சதுரமான தடித்த பிளைவுட் பலகை, 8 மி.மீ. தடிமனுள்ள சணல் அல்லது தென்னை நார்க் கயிறு, திருகாணிகள், இரும்புக் கோணத் தகடுகள்.

பலகையின் நடுவில் குழாயை நிறுத்தி, நான்கு பக்கமும் கோணத் தகடுகளால் இறுக்க வேண்டும். குழாயின் அடிப்பகுதியில் மணலை நிரப்பி, மேலே மூடியிட்டால் கம்பம் எளிதில் சாயாது. குழாயின் வழவழப்பில் கயிறு நழுவாமல் இருக்க, முதலில் ஒரு சுற்றுக் கோணித் துணியை ஒட்டிக்கொள்வது நல்லது. பிறகு அடியிலிருந்து மேல் நோக்கி, இடைவெளியின்றிக் கயிற்றை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். இந்த அளவுள்ள குழாயை முழுவதும் மூட ஏறத்தாழ 112 சுற்றுகள் தேவைப்படும். அதற்கு ஏறக்குறைய 42 மீட்டர் கயிறு செலவாகும். கோணித் துணி சுற்றினால் விட்டம் சற்றுக் கூடுமென்பதால் 45 மீட்டராக வாங்குவது பாதுகாப்பானது.

கயிற்றின் இரு நுனிகளையும் திருகாணியால் இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை வெட்டிவிட வேண்டும். நீளமான நூலையோ கயிற்று இழையையோ பூனை விழுங்கினால், அது குடலில் சிக்கி உயிருக்கு ஆபத்தாகக்கூடும். கம்பம் பழையதாகி இழைகள் தொங்கத் தொடங்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். எனினும் முழுக் கம்பத்தையும் எறிந்துவிட வேண்டியதில்லை. பூனையின் மணமும் அடையாளமும் பதிந்த கம்பம் அதற்கு மதிப்பு மிக்கது. சேதமடைந்த பகுதியின் கயிற்றை மட்டும் மாற்றலாம்.

எங்கே வைப்பது?

பெரும்பாலான முயற்சிகள் தோல்வியடைவது இந்தக் கட்டத்தில்தான். பார்வைக்கு அழகாக இல்லை என்று கம்பத்தைப் பால்கனியிலோ, துணி துவைக்கும் இடத்திலோ வைத்தால் பூனை அதை நாடாது. அடையாளமிடுவது பிறர் அறிவதற்காகவே. யாரும் புழங்காத இடத்தில் அடையாளமிடப் பூனைக்குக் காரணம் இல்லை.

எனவே, பூனை இப்போது எந்தச் சோபாவைப் பிறாண்டுகிறதோ அதன் மூலையை ஒட்டியே முதல் கம்பத்தை நிறுத்த வேண்டும். பூனை வழக்கமாக உறங்கும் இடத்துக்கு அருகே இரண்டாவது கம்பத்தையோ பலகையையோ வைக்கலாம். சில வாரங்கள் தொடர்ந்து கம்பத்தையே பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வசதியான இடத்துக்கு அதை நகர்த்தலாம். ஒரே நாளில் வேறு அறைக்கு மாற்றினால் பூனை மீண்டும் சோபாவுக்கே திரும்பிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், ஒரே கம்பத்தை அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. வெவ்வேறு இடங்களில் தனித்தனிக் கம்பங்கள் இருந்தால் பூனைகளுக்கிடையே பூசலும் குறையும்.

பழக்கும் முறை

பூனையின் பாதங்களைப் பிடித்துக் கம்பத்தில் வலுக்கட்டாயமாகத் தேய்ப்பதைப் பலர் செய்கின்றனர். பூனை இதை விரும்புவதில்லை. இதனால் கம்பத்தின் மீதே வெறுப்பு உண்டாகலாம்.

கம்பத்தின் மேற்பகுதியில் இறகையோ, கயிற்றில் கட்டிய பந்தையோ ஆட்டினால், அதைப் பிடிக்கும் முயற்சியில் பூனை தானாகவே நகத்தை ஊன்றும். அந்தக் கணமே சிறு துண்டு மீனோ, வேகவைத்த கோழி இறைச்சியோ தந்து பாராட்ட வேண்டும். செயலுக்கும் பரிசுக்கும் இடையே சில விநாடிகளுக்கு மேல் இடைவெளி இருந்தால், எதற்காகப் பரிசு கிடைத்தது என்பதைப் பூனை அறியாது.

கேட்னிப் என்ற செடியின் உலர்ந்த இலைகளைக் கம்பத்தில் தேய்ப்பதும் உதவும். எனினும் எல்லாப் பூனைகளும் இதற்கு ஈர்க்கப்படுவதில்லை; சில மாதங்களே ஆன குட்டிகள் பொதுவாக இதைப் பொருட்படுத்துவதில்லை. இந்தியாவில் சாலையோரங்களில் தானாக வளரும் குப்பைமேனிச் செடியின் வேரும் பூனைகளை இதுபோலவே ஈர்க்கும். தமிழில் அதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. ஆனால் கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி எந்தச் செடியையும் பூனைக்கு உண்ணக் கொடுக்கக் கூடாது.

குட்டிப் பருவமே இதற்கு ஏற்ற காலம். வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே கம்பம் இருந்தால், சோபாவை நாடும் பழக்கமே உருவாகாமல் போகலாம். வளர்ந்த பூனையையும் பழக்க முடியும்; அதற்குச் சற்றுக் கூடுதல் காலம் தேவைப்படும்.

சோபாவைப் பாதுகாப்பது எப்படி?

கம்பத்தைப் பழக்கும் அதே வேளையில், சோபாவைப் பூனைக்குப் பிடிக்காத இடமாகவும் மாற்ற வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர நடக்க வேண்டும். மாற்றிடம் தராமல் சோபாவை மட்டும் மூடினால், பூனை அடுத்த நாற்காலிக்குச் செல்லும்.

பூனை பிறாண்டும் பகுதியில் இருபுறமும் ஒட்டும் நாடாவை ஒட்டலாம். பாதத்தில் பிசுபிசுப்பு ஏற்படுவதைப் பூனை விரும்பாது. தூசி படிந்தால் நாடாவின் ஒட்டும் தன்மை குறையும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். மரத்தின் மெருகையோ ரெக்சினையோ நாடா சேதப்படுத்துமா என்பதை மறைவான ஒரு பகுதியில் முதலில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. தடித்த வழவழப்பான பிளாஸ்டிக் தகடுகளை மூலைகளில் பொருத்துவதும், படுக்கை விரிப்பால் சோபாவை இறுக்கமாகச் சுற்றிச் செருகுவதும் பிற வழிகள்.

ஏற்கெனவே பிறாண்டிய இடத்தில் பிரிந்து தொங்கும் நூல்களை வெட்டி, மென்மையான சோப்பு நீரால் துடைத்தால் பழைய மணம் ஓரளவு குறையும். பூனையின் முகச் சுரப்பி மணத்தை ஒத்த செயற்கைத் தெளிப்பான்களும் விற்பனையில் உள்ளன. அவற்றைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம்.

புதிதாகச் சோபா வாங்குவோர் துணியின் நெசவைக் கவனிக்க வேண்டும். நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு முடிச்சும் கண்ணியும் உள்ள துணிகளும், பிரம்புப் பின்னல்களும் பூனையை ஈர்க்கும். நெருக்கமாக நெய்த, நகம் பற்றாத வழவழப்பான துணி அந்த அளவுக்கு ஈர்ப்பதில்லை.

செய்யக் கூடாதவை

அடிப்பது, கத்துவது, முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது ஆகியவை பயன் தருவதில்லை. பிறாண்டுவது தவறு என்பதை இவற்றால் பூனை கற்றுக்கொள்வதில்லை. வீட்டார் அருகில் இருக்கும்போது பிறாண்டுவது ஆபத்து என்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் பிறாண்டுவது தொடரும். அச்சத்தால் பதற்றம் கூடி, பிறாண்டுவது முன்பைவிட அதிகரிக்கவும் வாய்ப்புண்டு.

இதைவிட ஆபத்தானது, பூனையை விரட்ட வீட்டில் கைக்குக் கிடைக்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்துவது. அந்துருண்டை, கற்பூரம், ஃபீனைல் போன்ற கிருமிநாசினிகள், யூகலிப்டஸ், தேயிலை மர எண்ணெய், சிட்ரஸ் எண்ணெய் ஆகியவை பூனைகளுக்கு நச்சுத்தன்மை கொண்டவை. மனிதரும் நாயும் எளிதில் வெளியேற்றிவிடும் சில வேதிப்பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அதே வேகத்தில் சிதைக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே சுத்தம் செய்யும் என்பதால், சோபாவில் தெளித்தது சில நிமிடங்களில் வயிற்றுக்குள் சென்றுவிடும். மிளகாய்ப் பொடி தூவுவது கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் கடும் எரிச்சலை உண்டாக்கும். இவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நகம் வெட்டுவது அவசியமா?

நகத்தின் கூர்முனையை வெட்டுவதால் பிறாண்டும் பழக்கம் நிற்காது. ஆனால் சேதம் குறையும். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு இரண்டு முதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகம் வெட்டுவது பொதுவான நடைமுறை.

பாதத்தின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் உள்ளே மறைந்திருக்கும் நகம் வெளியே நீளும். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக் குழாய்களும் நரம்பும் உள்ளன. அதைத் தொடாமல், வெண்மையான நுனியை மட்டும் பூனைகளுக்கான நகவெட்டியால் வெட்ட வேண்டும். தவறுதலாக இரத்தம் கசிந்தால், சோள மாவை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கறுப்பு நகங்களில் உள்பகுதி தெரியாது என்பதால், முதல்முறை கால்நடை மருத்துவமனையில் வெட்டும் முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. பூனை முரண்டு பிடித்தால் ஒரே அமர்வில் எல்லா நகங்களையும் வெட்ட வேண்டிய கட்டாயமில்லை. நாளுக்கு இரண்டு நகம் போதும்.

நகத்தின் மீது பசையால் ஒட்டும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளும் கிடைக்கின்றன. நகம் வளரும்போது இவை சில வாரங்களில் தாமாகக் கழன்றுவிடும். வெளியே சென்றுவரும் பூனைக்கு இவற்றை அணிவிக்கக் கூடாது. மரமேறித் தப்பவும், நாயிடமிருந்து தற்காத்துக்கொள்ளவும் அதற்கு நகம் தேவை.

நக நீக்கம் என்பது விரல் துண்டிப்பு

‘நகத்தை எடுத்துவிடுவது’ என்ற சொல், நடப்பதை முழுமையாகச் சொல்வதில்லை. மனித நகம் தோலிலிருந்து வளர்கிறது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. நகம் மீண்டும் வளராமல் இருக்க வேண்டுமானால் அந்த எலும்பையே துண்டிக்க வேண்டும். மனிதரின் ஒவ்வொரு விரலையும் கடைசி மூட்டோடு வெட்டி எடுப்பதற்கு இது ஒப்பாகும்.

பூனை விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. விரல் நுனி இல்லாதபோது உடல் எடை தாங்கும் முறையே மாறுகிறது. அமெரிக்காவில் 274 பூனைகளை ஒப்பிட்டு மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வில், நகம் நீக்கப்பட்ட பூனைகளுக்கு முதுகுவலிக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கடித்தல், மூர்க்கம், மலசலத் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தல் ஆகியவையும் அவற்றிடம் அதிகமாகக் காணப்பட்டன. சோபாவைக் காப்பாற்றச் செய்த அறுவை சிகிச்சை, மெத்தையைப் பாழாக்கும் புதிய சிக்கலைக் கொண்டுவரக்கூடும் என்பதே இதன் பொருள்.

ஐரோப்பிய மன்றத்தின் 1987-ஆம் ஆண்டு வளர்ப்பு விலங்குகள் பாதுகாப்பு உடன்படிக்கை, மருத்துவக் காரணமற்ற நக நீக்கத்தைத் தடை செய்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள மேற்கு ஹாலிவுட் நகரம் 2003-ஆம் ஆண்டிலும், இஸ்ரேல் 2011-ஆம் ஆண்டிலும், நியூயார்க் மாநிலம் 2019-ஆம் ஆண்டிலும் இதற்குத் தடை விதித்தன. நகத்தில் புற்றுநோய், தீராத தொற்று போன்ற மருத்துவக் காரணங்களுக்கு மட்டும் இத்தகைய சட்டங்கள் விலக்கு அளிக்கின்றன.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 நடைமுறையில் உள்ளது. பரதநாட்டியக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமாக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா இச்சட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தது. இச்சட்டத்தின்கீழ் 1962-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

விலங்கைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் அதன் நலனை உறுதிசெய்யவும், தேவையற்ற வலி நேராமல் தடுக்கவும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 3-ஆவது பிரிவு கூறுகிறது. பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய சூழலில் நியாயமான காரணமின்றி விலங்கைக் கைவிடுவதும், விலங்கின் உறுப்பைச் சிதைப்பதும் 11-ஆவது பிரிவின்கீழ் குற்றங்களாகும். பூனையின் நக நீக்கத்தைப் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யும் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. அதே வேளையில், கொம்பு நீக்குதல், காயடித்தல், மூக்கணாங்கயிறு இடுதல் உள்ளிட்டவற்றுக்கு அளிக்கப்பட்டுள்ள விலக்குகளின் பட்டியலிலும் நக நீக்கம் இடம்பெறவில்லை.

முதல்முறை குற்றத்துக்கு இச்சட்டம் விதிக்கும் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய் மட்டுமே. எனவே, பூனையின் பாதுகாப்பு சட்டத்தைவிட வீட்டாரின் முடிவையே பெரிதும் சார்ந்துள்ளது.

திடீரென அதிகரித்தால்...

இதுவரை அமைதியாக இருந்த பூனை திடீரென அதிகமாகப் பிறாண்டத் தொடங்கினால், வீட்டில் ஏற்பட்ட மாற்றத்தைத் தேட வேண்டும். வீடு மாறுதல், குழந்தை பிறப்பு, புதிய பூனையின் வரவு, சன்னலுக்கு வெளியே உலவும் தெருப்பூனை ஆகியவை பொதுவான காரணங்கள். சன்னலின் கீழ்ப்பகுதியை மறைப்பது, ஒளிந்துகொள்ள உயரமான இடம் அமைத்துத் தருவது, நாள்தோறும் இருவேளை விளையாடுவது ஆகியவை பதற்றத்தைக் குறைக்கும்.

முதிய பூனை பிறாண்டுவதை நிறுத்திவிட்டால் அதையும் நல்ல செய்தியாகக் கருதிவிடக் கூடாது. மூட்டுவலி காரணமாக இருக்கலாம். பிறாண்டாத பூனையின் நகம் தடித்து, வளைந்து, பாதச் சதைக்குள்ளேயே புகுந்துவிடும் ஆபத்து உண்டு. இரு நிலைகளிலும் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

மனிதர் மீது கீறல் பட்டால்

நகம் வெட்டும்போதோ விளையாடும்போதோ கீறல் ஏற்பட்டால், அவ்விடத்தை உடனடியாக ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். ரேபிஸ் நோய் பூனை மூலமும் பரவக்கூடியது. இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவைப்படலாம் என்பதால், தாமதமின்றி மருத்துவரை அணுகிப் பூனையின் தடுப்பூசி விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். பூனைக்கு ஆண்டுதோறும் உரிய காலத்தில் ரேபிஸ் தடுப்பூசி செலுத்துவது இருவரையும் காக்கும்.

சுருக்கமாக

பூனையின் விருப்பத்தைக் கவனித்தல், மூன்றடி உயரத்தில் அசையாத கயிற்றுக் கம்பம், அதைச் சோபாவுக்கு அருகிலேயே நிறுத்துதல், பயன்படுத்தும்போது உடனடிப் பரிசு, சோபாவின் மூலைகளுக்குத் தற்காலிக மறைப்பு, சீரான நகப் பராமரிப்பு ஆகியவையே இதற்கான வழி. வாடகை வீட்டில், உரிமையாளரின் மரச்சாமான்களுடன் வசிப்போருக்கும் இந்த வழி பொருந்தும். பழைய கீறல்கள் ஒரே நாளில் மறையாது. சில வாரங்களில் புதிய கீறல்கள் குறையத் தொடங்குவதைக் காணலாம். அதுவரை கம்பத்தின் இடத்தை மாற்றாமல் காத்திருப்பது அவசியம்.